ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நொய்யல் சுற்று

சென்னைக்காரர்களுக்கு ஒரு ஞாயிறு கிடைத்தால் மாமல்லபுரம், புதுச்சேரி என்று கடலோரமாகவே வண்டியை விட்டுவிடுவார்கள். திருப்பூர்க்காரன் எங்கே போவான்? நானும் வருஷக்கணக்கில் ஊட்டி ஊட்டி என்றுதான் அலைந்தேன். சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்து, சம்பளம் வாங்கி, தூங்கியும் தூங்காமலும் கிளம்பினால், மலைப்பாதையில் முன்னால் போகிற பஸ்ஸின் முதுகைப் பார்த்தே பாதிப் பகல் கழிந்துவிடும். இப்போது இ-பாஸ் வேறு.

போன மார்கழியில் வீட்டுக்காரம்மாதான் கேட்டாள்: "ஏனுங்க, பக்கத்துல இருக்கறதையெல்லாம் ஒருநாளைக்குப் பார்த்தா என்னங்க?" கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதிலேயே அருமையான யோசனை அது! நூறு கிலோமீட்டருக்குள் ஒரு சுற்று. திருப்பூர், ஊத்துக்குளி, சென்னிமலை, காங்கயம், மறுபடி திருப்பூர். பைக் போதும்.

முதலில் நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி ரோட்டில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன், ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்ட குளம் இது. பனி விலகும்போது கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கியது பாருங்கள், சரக்கு விமானம் இறங்குகிற மாதிரி! அப்படியே வாயடைத்து நின்றுவிட்டோம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து மட்டும் அன்றைக்குக் கண்ணில் படவில்லை. பரவாயில்லை, இன்னொரு ஞாயிறு போவதற்கு ஒரு சாக்கு.

ஊத்துக்குளியில் வெண்ணெய். அதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கொஞ்சம் சுடுதோசை மேல் போட்டேன். மற்றதை வெறுமனே தின்றேன்.

அங்கிருந்து கொடுமணல். இந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. போய் இறங்கினால் பெரிதாக ஒன்றும் இருக்காது. காடு, தோட்டம், கூப்பிடு தூரத்தில் நொய்யல். முகம் சுளிக்காதீர்கள். உங்கள் காலுக்குக் கீழே சங்ககாலத் தொழிற்பேட்டை ஒன்று கிடக்கிறது! பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது இந்த ஊரைத்தான் என்கிறார்கள் அறிஞர்கள். 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டத் தொடங்கியதிலிருந்து இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் என்று வந்துகொண்டே இருந்திருக்கின்றன. எல்லாவற்றையும்விட என்னைச் சிலிர்க்க வைத்தது தக்களி வட்டு. நூல் நூற்றிருக்கிறார்கள் ஐயா, இதே நொய்யல் கரையில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால்! பவர்டேபிள் தையல் மிஷினில் உட்கார்ந்து தேய்ந்துபோன எனக்கு, பாட்டன் பூட்டன் கம்பெனிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அதே ஆற்றை நாம் என்ன செய்தோம் என்பதும் அங்கே நிற்கும்போது நினைவுக்கு வரும். சாயத் தண்ணீர் தேங்கி நின்ற ஒரத்துப்பாளையம் அணை பக்கத்தில்தான் இருக்கிறது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டியது. கடைசியில் விவசாயிகளே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும்படி ஆயிற்று. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை எங்களில் யாரும் மறக்கவில்லை. மனசு கனத்துத்தான் வண்டியை எடுத்தேன்.

சென்னிமலை ஏறியதும் அந்தக் கனம் இறங்கிவிட்டது. 1320 படி. மேலே வரை ரோடும் உண்டு, ஆனால் படியேறிப் பாருங்கள், அந்தக் காற்றுக்கே தனி ருசி! கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது இங்கேதான் என்பார்கள். 1984-இல் மாட்டு வண்டியே இந்தப் படிகளில் ஏறியது என்று ஊரார் பெருமை பேசுவதையும் கேட்காமல் வரமுடியாது. எனக்கோ வேறு ஒரு பெருமை. எங்கள் ஊரில் கொடியோடு அடிபட்டு 1932 ஜனவரியில் உயிர்விட்ட குமரன், 1904-இல் பிறந்தது இந்தச் சென்னிமலையில்; நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தினமும் குமரன் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறவனுக்கு இது ஐம்பது வயதில்தான் உறைக்கிறது. கீழே கைத்தறிப் போர்வை இரண்டு வாங்கினோம்.

காங்கயம் வழியாகத் திரும்பும்போது சிவன்மலை. பக்தர் கனவில் முருகன் சொல்லும் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' இங்கேதான். அடுத்த கனவு வரும்வரை அந்தப் பொருள்தான் பெட்டியில். எட்டிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். வழி நெடுக, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் காங்கயம் மாடுகள் மேயும் அழகைப் பார்க்க மட்டும் நாலு தடவை வண்டியை நிறுத்தினேன்.

இருட்டுவதற்குள் வீடு. பெட்ரோல், சாப்பாடு, வெண்ணெய் எல்லாம் சேர்த்தும் ஊட்டியில் ஒரு ரூம் வாடகைக்குக் காணாது.

போகிறவர்கள் விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் பறவையும் இல்லை, படியும் ஏற முடியாது. தைப்பூசத்தன்று மட்டும் சென்னிமலைப் பக்கம் வண்டியை விடாதீர்கள். வெண்ணெய்க்கு மூடி இறுக்கமான டிபன் பாக்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.