சூப்பர்மேன் யார் வீட்டுப் பிள்ளை?

ராப் ப்ராட் டிஸ்னி ஸ்டூடியோவில் அனிமேஷன் வரைந்தவர். கம்பெனிக்கு வரைந்தது போதாதென்று தனக்காகவும் கொஞ்சம் வரைந்து, 2011-ல் ‘சூப்பர்மேன் க்ளாஸிக்’ என்று ஒரு குட்டிப் படத்தை இன்டர்நெட்டில் விட்டார். யாரும் கேட்கவில்லை. சூப்பர்மேன் அவருடைய சொத்தும் இல்லை, டி.சி. காமிக்ஸ், அதற்கு மேல் வார்னர் பிரதர்ஸ் என்று பெரிய இடத்துப் பிள்ளை. விற்க முடியாது, தியேட்டருக்குப் போக முடியாது. பிடித்திருந்தது, செய்தார். இந்த வகையறாவுக்கு ‘ஃபேன் ஃபிலிம்’ என்று பெயர்.

சில நிமிஷம்தான் ஓடுகிறது. காபி ஆறுவதற்குள் ரெண்டு தடவை பார்த்துவிடலாம். லோயிஸ் லேன் வருகிறாள், கிளார்க் கென்ட் வருகிறார், உரிய நேரத்தில் சூப்பர்மேன் ஆகிறார். குரல் கொடுத்தவர் ஜான் நியூட்டன். 1988-ல் துவங்கிய ‘சூப்பர்பாய்’ டி.வி. தொடரில் முதல் வருஷம் மட்டும் கதாநாயகனாக இருந்துவிட்டு வெளியே வந்தவர். பையனாகக் கழற்றிய உடுப்பை இருபது சொச்சம் வருஷம் கழித்து, குரலிலாவது பெரியவராகப் போட்டுக்கொண்டார்.

இதைப்போய் ஒரு வாரம் முழுக்க எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். காரணம் பென்சில். படம் முழுக்க கையால் வரைந்தது. சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துச் சிக்கனம் பண்ணினாலும் செகண்டுக்கு 12 ஓவியம், நிமிஷத்துக்கு 720. திரையில் இரண்டு பேர் இருந்தால் கணக்கு இரட்டிப்பாகும். இத்தனையும், அந்தக் கலைக்கு வேலை குறைந்துகொண்டே வந்த வருஷங்களில். 1995-ல் ‘டாய் ஸ்டோரி’ வந்ததிலிருந்தே பென்சில்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. டிஸ்னி 2004-ல் கைப்படங்களை மூட்டை கட்டியது. 2009-ல் ஒரு தவளை இளவரசனை வைத்துத் திரும்பிப் பார்த்தது. 2013-ல் கையால் வரைகிற மூத்தவர்கள் சிலரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 2011-ன் இந்தச் சின்னப் படத்தை அந்தப் பின்னணியில் பார்த்தால், ‘எங்களுக்கு இன்னும் வரையத் தெரியும் சார்’ என்று ஒருவர் கையைத் தூக்குவது போலிருக்கிறது.

அவர் எட்டிப் பிடிக்க நினைத்தது 1941-ன் சூப்பர்மேனை. அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மாக்ஸ் ஃப்ளைஷர், டேவ் ஃப்ளைஷர் என்று இரண்டு சகோதரர்கள். பாப்பாய், பெட்டி பூப் எல்லாம் இவர்கள் பட்டறைச் சரக்கு. பாரமவுன்ட் கம்பெனி சூப்பர்மேனைப் படமாக்கச் சொன்னபோது இவர்களுக்கு இஷ்டமில்லை. வேலை வேண்டாமென்றால் கொத்தனார் ரேட்டை ஏற்றிச் சொல்வாரே, அப்படி ஒரு படத்துக்கு 1,00,000 டாலர் ஆகும் என்றார்கள். பாரமவுன்ட் ஓடிவிடவில்லை. பேரம் பேசி முதல் படத்தை 50,000 டாலரில் முடித்தது. வேறு வழியில்லாமல் ஒழுங்காகச் செய்தார்கள். 1941 செப்டம்பர் 26-ல் முதல் படம் வந்தது. ஆஸ்கருக்கும் போய், டிஸ்னியின் ப்ளூட்டோ நாயிடம் தோற்றது.

மொத்தம் 17 படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிஷம். இன்றைக்குப் பார்த்தாலும் அசத்துபவை நிழல்கள். வானுயர்ந்த கட்டடங்கள், இருட்டுச் சந்து, சுவரில் நீளும் நிழல், எங்கிருந்தோ ஒரு வெளிச்சப் பட்டை. குழந்தைகளுக்கான கார்ட்டூனில் துப்பறியும் படத்து லைட்டிங். நடிகரைப் படமெடுத்து அதன் மேல் கோடு போடும் ‘ரோட்டோஸ்கோப்’ மாக்ஸ் கண்டுபிடித்ததுதான், 1917-ல் பேட்டன்ட் ஆனது. அதனால் மனிதர்கள் நிஜ எடையோடு நடப்பார்கள். ஆனால் பறப்பதற்கு மாடல் கிடைக்காதல்லவா? அதைக் கற்பனையில்தான் வரைந்தார்கள்.

பறப்பது என்றதும் ஒரு தகவல். காமிக்ஸில் அப்போது சூப்பர்மேன் பறக்கமாட்டார், தாவுவார். 1938-ன் முதல் இதழில் எட்டில் ஒரு மைல் தாவுவதாகப் போட்டிருக்கிறது. ஓவியத்தில் கம்பீரமாக இருந்த தாவல், அசையும் படத்தில் தத்துக்கிளி போலக் கேலிக்கூத்தானது. எனவே போகப்போகப் பறக்கவிட்டுவிட்டார்கள்.

நவம்பர் 1941-ல் வந்த இரண்டாவது படம் ‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’. ஒன்று மட்டும் பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள். ஒரு விஞ்ஞானி நம்பர் போட்ட ராட்சத ரோபோக்களை ஏவி பேங்க்கைக் கொள்ளையடிக்கிறான். அடுத்து நகைக் கண்காட்சி. ஓடத் தெரியாத லோயிஸ், ரோபோவின் முதுகுக் கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொள்கிறாள். ரோபோ அவளையும் சேர்த்துக்கொண்டு பறக்கிறது. கிளார்க் டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து சூப்பர்மேனாக வெளியே வருவது முதன்முதலில் இந்தப் படத்தில்தான். கடைசியில் லோயிஸைக் காய்ச்சிய உலோகக் குழம்புக்கு மேலே கட்டித் தொங்கவிட, மேலே கொட்டுவதைத் தன் சால்வையால் தடுக்கிறார். வசனம் ரொம்பக் கொஞ்சம். உருக்கு நொறுங்கும் சத்தம்தான் வசனம்.

இந்தப் பத்து நிமிஷத்துக்கு உலகத்தில் பெரிய பெரிய ரசிகர்கள் உண்டு. ஒருவர் ஹயாவோ மியாஸாகி. 1980-ல் ஜப்பானில் ‘லூபன் தி தேர்ட்’ இரண்டாவது தொடரின் கடைசி எபிஸோடைப் புனைபெயரில் இயக்கினார். ராட்சத ரோபோ பறந்து வந்து நகைக்கடையைக் கொள்ளையடிக்கிறது. உள்ளே ஒரு பெண். எங்கேயோ கேட்ட கதை. ஆனால் சூப்பர்மேன் இல்லை. ஆறு வருஷம் கழித்து ‘காஸில் இன் த ஸ்கை’யில் அதே ஜாடை ரோபோ மறுபடி வந்தது. இந்த முறை கொள்ளையடிக்கவில்லை. ஆளில்லாத வானத்துத் தோட்டத்தில், குருவிக் கூட்டுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொண்டு தனியே உலவிக்கொண்டிருந்தது. கொள்ளைக்கார இயந்திரம் தோட்டக்காரனாகிவிட்டது. அடுத்தவர் வீட்டு விதையைச் சொந்த மண்ணில் போட்டு வேறு மரம் வளர்த்த சாமர்த்தியம்.

இன்னொருவர் ப்ரூஸ் டிம். 1992-ல் எரிக் ராடம்ஸ்கியோடு சேர்ந்து பேட்மேன் கார்ட்டூன் தொடரைத் துவக்கினார். பின்னணிகளைக் கறுப்புக் காகிதத்தில் தீட்டினார்கள், இருட்டு இயல்பாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று. அந்த நகரத்தைப் பார்த்தாலே ஃப்ளைஷர் பட்டறை ஞாபகம் வரும். இவருக்கு லைசென்ஸ் இருந்தது, சம்பளம் இருந்தது, எபிஸோடுகளும் கைநிறைய இருந்தன.

மூன்றாமவர் நம் ராப் ப்ராட். மூவரில் வெளிப்படையாக ‘நான் ரசிகன்’ என்று சொல்லிக்கொண்டவர் இவர்தான். வேடிக்கை என்னவென்றால், மூவரில் சுதந்திரம் குறைந்தவரும் இவர்தான். மியாஸாகி நாயகனை விட்டுவிட்டு ரோபோவை எடுத்தார், அதனால் எங்கு வேண்டுமானாலும் போக முடிந்தது. ப்ராட்டுக்கு நாயகன்தான் வேண்டும். அந்தச் சுருள்முடி, அந்த எஸ், அந்தச் சட்டை. அவற்றைத் தொட்டவுடன் கதை நமக்குத் தெரிந்த கதையாகிவிடுகிறது. கோடு அருமை. அசைவில் டிஸ்னி பயிற்சி தெரிகிறது. ஆனால் சூப்பர்மேனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு விநாடிகூட நான் கவலைப்படவில்லை. காதல் கடிதத்தில் சஸ்பென்ஸ் இருக்காது. 2012-ல் பிஸாரோவை வைத்து இன்னொன்று செய்தார், 2015-ல் ஃப்ளாஷ் கார்டனுக்குப் போனார். எல்லாவற்றின் தலைப்பிலும் ‘க்ளாஸிக்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வார்த்தையில்தான் எனக்கு உறுத்தல்.

க்ளாஸிக் என்று எதைச் சொல்கிறோம்? அந்த 17 படங்களில் முதல் ஒன்பதுதான் ஃப்ளைஷர் சகோதரர்கள் காலத்தவை. 1942-ல் பாரமவுன்ட் அவர்களை வெளியேற்றி, பட்டறைக்கு ‘ஃபேமஸ் ஸ்டூடியோஸ்’ என்று பெயர் மாற்றி மிச்ச எட்டையும் எடுத்தது. அதில் முதல் படம் செப்டம்பர் 1942-ல் வந்த ‘ஜாப்போட்டூர்ஸ்’. பெயரிலேயே வசவு. ஜப்பானிய முகமுள்ளவர்கள் பிரமாண்டமான குண்டு வீச்சு விமானத்தைக் கடத்துகிறார்கள். பல்லும் கண்ணுமாக வெறுப்பில் தோய்த்து வரைந்த முகங்கள். அதே வருஷம் அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, அதிலும் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்துக்கொண்டிருந்தது. நீதிக்காகப் போராடும் சூப்பர்மேன் எந்தப் பக்கம் இருந்தார் என்பதற்கு இந்தப் படம் சாட்சி.

ரசிகர் செய்யும் மறுபதிப்பில் இது வராது. நிழல் வரும், தொப்பி வரும், அழகான பழைய மோட்டார் கார் வரும். சில நிமிஷத்தில் சரித்திரமா எடுக்க முடியும் என்றால் நியாயம்தான். ஆனால் தன் ஜனங்களை அப்படி வரைந்த அதே தொடரிலிருந்து ஒரு ரோபோவை எடுத்து, ஜப்பானியர் ஒருவர் அதன் கையில் பூக்களைக் கொடுத்தார் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் இந்த விசுவாசம் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது.

ப்ராட்டை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. சட்டம் அப்படி. அந்த 17 கார்ட்டூன்களின் காப்பிரைட்டை உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அமெரிக்காவில் அவை பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் டிஸ்க் போட்டு விற்கலாம், மலிவுப் பதிப்புகள் எத்தனையோ வந்திருக்கின்றன. ஆனால் கதாபாத்திரம் டி.சி.யுடையது. பழைய படத்தைக் காப்பியடித்து விற்பவன் தப்பித்துக்கொள்வான். ராத்திரி கண் விழித்துப் புதிதாக வரைபவன்தான் வக்கீல் நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டும். உரிமையுள்ள வார்னர் 2023-ல் இதையே ப்ளூ-ரேயாகப் போட்டபோது, அழுக்கைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கோட்டின் உயிரையும் துடைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

இதில் உண்டாக்கியவர்கள் யாருமே உடைமைக்காரர்களாக இல்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் 1938-ல் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வயதான காலத்தில் போராடி, 1975-ல் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் பென்ஷனும், படைப்பாளிகள் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தது. பறக்கவிட்ட ஃப்ளைஷர் சகோதரர்கள் சொந்தப் பட்டறையையே இழந்தார்கள். அந்த வரிசையில் காசு வாங்காமல் வரைந்த ப்ராட் கடைசியாக நிற்கிறார்.

2034 ஜனவரி 1-ல் 1938-ன் முதல் இதழ் அமெரிக்காவில் பொதுவுக்கு வருகிறது. அன்றிலிருந்து எந்த ரசிகரும் சூப்பர்மேனை வைத்து முழு நீளப் படமே எடுத்து டிக்கெட் போட்டு விற்கலாம், ட்ரேட்மார்க் சமாசாரங்களைத் தொடாமலிருந்தால். ஒரே ஒரு சங்கடம். அந்த இதழில் இருப்பவர் பறக்கமாட்டார், தாவுவார்.