எழுதிய பெயர்களும் எழுதாத பெயர்களும்

வெற்றித்தூணுக்கு வென்றவனைப் புகழ்ந்தால் போதும். பல்கலைக்கழகத்தில் நிற்கும் போர் நினைவகமோ மாண்டவர்க்கு இரங்குவதோடு கற்க வருவோர்க்கு உண்மையும் உரைத்தல் வேண்டும். இவ்வளவுகோல் கொண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து நினைவு மண்டபத்தை நோக்குவோம்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென் மாநிலங்களை எதிர்த்துப் பொருது உயிர்நீத்த ஹார்வர்டு மாணாக்கருக்காக எழுந்தது அது. வெண்சலவைக்கல் பலகைகள் 28, பெயர்கள் 136. தென்படையில் சேர்ந்து மடிந்த ஹார்வர்டு மாணாக்கரும் பலர் உண்டு. அவருள் ஒருவர் பெயரும் அங்கில்லை.

இதனைக் குறுகிய மனம் என்பாருளர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருதரப்பார் பெயரும் ஒருங்கே உள்ளன. எவர் எப்பக்கம் நின்றார் என்ற குறிப்பே இல்லை. பெற்றவளுக்கு இரு மகனும் மகனே என்பது மெய்தான். ஆயினும் அப்பட்டியலைப் படிக்கும் மாணவன், இவர்கள் எதன்பொருட்டு ஒருவரையொருவர் கொன்றனர் என்பதை எவ்வாறு அறிவான்? விலங்கை உடைக்கச் சென்றவனும் விலங்கைக் காக்கச் சென்றவனும் அங்கே ஒன்றாகிவிடுகின்றனர். மன்னிப்பது வேறு, மறைப்பது வேறு.

இரக்கமும் உண்மையும் ஒருங்கே இயலுமா எனின், இயலும். ஹார்வர்டிலேயே 1932-இல் திறக்கப்பட்ட நினைவுத் தேவாலயத்தில், முதல் உலகப் போரில் எதிரணியில் நின்று மடிந்த ஜெர்மானிய மாணாக்கருக்கு லத்தீன் மொழியில் தனிப் பலகை உண்டு. அவர் நின்ற பக்கத்தை அது மறைக்கவில்லை. அவருக்கு இரங்கவும் தவறவில்லை. உள்நாட்டுப் போரில் தென்படையில் மாண்டோருக்கும் இதுவே தக்க வழி என்பது நம் கருத்து.

எனினும் நினைவு மண்டபத்தின் பெருங்குறை வேறிடத்தில் உளது. அங்கே பொறித்த பெயர்களுள் ஒன்று ராபர்ட் கூல்டு ஷா. மாசசூசெட்ஸின் 54-ஆவது படைப்பிரிவாகிய கறுப்பின வீரர் படையை நடத்திச் சென்ற அவர், 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டையில் வீழ்ந்தார். பகைவர் அவரைத் தம் வீரரோடு ஒரே குழியில் புதைத்தனர். மகனுக்கு அதுவே தக்க இடமென்று கருதி, உடலை எடுத்துவர வேண்டாமென்றார் தந்தை.

குழியில் ஒன்றாயிருந்தவர்கள் கல்லில் பிரிந்துவிட்டனர். அவர்கள் மாணாக்கர் அல்லர் என்பது விதி. அவர்கள் ஏன் மாணாக்கராகவில்லை? ஹார்வர்டு கல்லூரியில் முதல் கறுப்பினத்தவர் பட்டம் பெற்றதே 1870-இல். மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அவ்வாண்டே. அச்சுவர் பொய் பேசவில்லை. ஆனால் அதனைப் படிப்போர், அதில் ஏறாத பெயர்களையும் உடன்வைத்துப் படித்தாலன்றி அதன் பொருள் நிறைவுறாது.