சோழன் கல்வெட்டும் சுண்ணாம்புக் கம்பமும்

"சிங்கப்பூர்க் கல்வெட்டில் இடம்பெற்றுள்ள சோழ மன்னர் யார்?" நான்கு விடைகள், ஒரு புலிப்படம், கீழே 'தமிழனாக இருந்தால் பகிரவும்' என்ற கட்டளை. சரியான விடை ராஜேந்திர சோழனாம். வாட்ஸ்அப்பில் வந்த இந்தப் பொது அறிவுக் கேள்வியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். கவிதையை அலசுகிறோம், சிறுகதையை அலசுகிறோம். நம்மில் பலர் தமிழில் தினமும் வாசிப்பது இந்தத் துணுக்குகளைத்தான். அவற்றை யாரும் விமர்சிப்பதே இல்லை.

முதலில் கல். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819-இல் தென்பட்ட மணற்பாறை அது. ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம், சுமார் 50 வரி எழுத்து. 1843-இல் ஆற்றுவாயை அகலப்படுத்தவும் கட்டடம் கட்டவும் இடம் வேண்டுமென்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். தப்பிய துண்டு ஒன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தை இதுவரை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. பழைய ஜாவானிய மொழி என்றார்கள், சமஸ்கிருதம் என்றார்கள். காலத்தைக்கூட 10-ஆம் நூற்றாண்டுக்கும் 14-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எங்கெங்கோ வைக்கிறார்கள். 2019-இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், அதில் 'கேசரிவ' என்று படிக்கத்தக்க ஒரு எழுத்துத் தொடர் இருக்கிறது, அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று முன்வைத்தார்.

'இருக்கலாம்.' அந்தச் சொல்தான் துணுக்காகும்போது முதலில் உதிர்ந்துபோகிறது. அடுத்து, பரகேசரி ஒருவருடைய பெயர் இல்லை. சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டம். அதை வைத்திருந்தவர்கள் பலர். ராஜேந்திரன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின்மீது படையெடுத்தவன் என்பதால் அவன் பெயர் நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். சின்கிளேரின் கருதுகோள் உண்மையிலேயே சுவாரசியமானது. சிதைந்த எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பது துப்பறியும் கதைபோல இருக்கும். துணுக்கு அந்தக் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொலையாளியின் பெயரை மட்டும் நம் கையில் கொடுக்கிறது. அதுவும் தப்பான ஆளாக இருக்கலாம்.

துப்பறியும் கதை என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ஃப்ரெட் வொர்த் என்பவர் பொது அறிவுக் களஞ்சியம் ஒன்று தொகுத்தார். தன் உழைப்பை யாராவது திருடினால் பிடிக்க வேண்டுமே என்று அதில் ஒரு பொய்யை ஒளித்துவைத்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப். 1979-இல் கனடாவில் உருவான 'டிரிவியல் பர்சூட்' விளையாட்டின் கேள்வி அட்டையில் அதே பிலிப் வந்து நின்றான். வொர்த் 1984-இல் வழக்குப் போட்டார், தோற்றார். தகவலுக்கு யாரும் உரிமை கோர முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஆனால் பிலிப் தகவலே இல்லையே! துணுக்குக்கு அம்மா அப்பா கிடையாது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது இவ்வளவு வேகமாகப் பயணம் செய்கிறது. 'டிரிவியா' என்ற சொல்லே லத்தீனில் மூன்று பாதைகள் கூடும் இடத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம்ம ஊர்ச் சொல்லில் முச்சந்தி.

முச்சந்தியை இளக்காரமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. தமிழில் துணுக்குக்கு ஒரு மரியாதையான வரலாறு உண்டு. 'கல்கண்டு' இதழில் தமிழ்வாணன் அதை ஒரு இயக்கம் மாதிரியே நடத்தினார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரே ஒரு துணுக்குபோல இருந்தார் என்பது வேறு விஷயம். ஆங்கிலம் தெரியாத, ஊரைத் தாண்டிப் போக வழியில்லாத ஒரு வாசகருக்கு அந்தச் சின்ன இதழ் உலகத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. அதன் குறை, 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு அங்கே இடம் இல்லாதது. பின்னால் சுஜாதா ஜூனியர் விகடனில் எழுதிய 'ஏன் எதற்கு எப்படி?' அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது. தலைப்பிலேயே பாருங்கள், யார், எங்கே, எப்போது மூன்றும் இல்லை. பொறியாளர் ஒருவர் கேள்வி-பதில் பகுதி நடத்தினால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சாதிப் பெருமையும் உண்டு (தொழில் சாதி!).

இந்த இரண்டுக்கும் இடையில் கலைக்களஞ்சியம் நிற்கிறது. தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காகப் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்தது. முதல் தொகுதி 1954, ஒன்பதாவது 1963, இணைப்புத் தொகுதி 1968. அதோடு நிறுத்தாமல் குழந்தைகளுக்குத் தனியாக இன்னொரு பத்துத் தொகுதி. கீர்த்தனை எழுதிய கை வேதியியல் கட்டுரையையும் திருத்தியது. இணையத்தில் அதன் பக்கங்களைப் புரட்டினால் பல கட்டுரைகள் காலாவதியாகியிருப்பது தெரியும்; அது எந்தக் களஞ்சியத்துக்கும் நேர்வதுதான். என்னை அசைத்தது அதன் துணிச்சல். உலகத்தில் இருக்கும் எதைப் பற்றியும் தமிழில் பேசியாக வேண்டும் என்று அந்த ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். 1910-இல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' புராணத்தையும் இலக்கியத்தையும் அகரவரிசையில் அடுக்கியது. நாற்பத்து சொச்சம் வருடங்களில் அந்த அகரவரிசைக்குள் உலகமே நுழைந்துவிட்டது.

இப்போது நம் தமிழ் வினாடி வினாக்களைப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலான கேள்விகள் தமிழ், தமிழர், தமிழ்நாடு பற்றியவை. முதல் தமிழர், முதல் தமிழ்ப் பள்ளி, நம் எழுத்து அச்சான நாணயத்தாள், முதல், முதல், முதல். உலகம் பற்றிய கேள்வி வேண்டுமானால் ஆங்கில வினாடி வினாவுக்குப் போக வேண்டும். இதைக் கேள்வி எழுதுபவர்களின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் அறிவியலும் கணக்கும் புவியியலும் நாம் படிப்பது ஆங்கிலத்தில், தமிழ் தாய்மொழிப் பாடம். ஆகவே தமிழின் பொது அறிவு மெல்ல மெல்லத் தமிழைப் பற்றிய அறிவாகச் சுருங்கிவிட்டது. ஒரு மொழி தன்னைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால், பதினாறு வயசுப் பையன் அதோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான்?

இத்தனைக்கும் நாம் கேட்கிற பெருமைக் கேள்விகளுக்குள்ளேயே உலகம் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒன்று: "தேக்கா வட்டாரத்தின் பழைய தமிழ்ப் பெயர் என்ன?" விடை, சுண்ணாம்புக் கம்பம். சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே சொல்லியிருக்கிறார்கள். மணி அடித்தது, இரண்டு மதிப்பெண், அடுத்த கேள்வி. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் சுண்ணாம்பு? ஏனென்றால் அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. 'கம்பம்' மலாயின் கம்போங். இரண்டு மொழி சேர்ந்த பெயர். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் செங்கல்லும் சுண்ணாம்பும் தின்று வளர்ந்த ஊர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856-இல் கட்டத் தொடங்கி 1862-இல் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'.

கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலில் அதன் பக்குவம் இருக்கிறது: மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். பூசிக் காய்ந்ததும் பளிங்குக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். இதில் எத்தனை பாடம் இருக்கிறது! கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். சுருக்கமாகச் சொன்னால், தேவாலயச் சுவர் திரும்பவும் கிளிஞ்சல் ஆகிறது. சர்க்கரைக்கும் வேலை உண்டு. வெறும் தண்ணீரைவிடச் சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும்.

இதையெல்லாம் நான் கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் படித்தேன். தேர்வுக்கு எழுதியபோது அதற்கும் தேக்காவுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவே இல்லை. ஆனால் கிளிஞ்சல், காளவாய், நீற்றுதல், சாந்து, கரணை, மெருகு என்று இந்தத் தொழிலுக்கு வேண்டிய அத்தனை சொல்லும் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சில் இன்றைக்கும் முகம் பார்க்கலாம். கலைச்சொல்லாக்கக் குழு ஒன்றும் தேவையில்லை, ஒரு கொத்தனார் போதும். வரலாறு, வேதியியல், புவியியல், கட்டடக்கலை எல்லாம் ஒரே சுவரில் பூசியிருக்க, நாம் பெயரை மட்டும் சுரண்டி எடுத்துக்கொண்டு போகிறோம்.

மெக்நேர் நூலில் பக்குவம் இருக்கிறதே தவிர, ஒவ்வொரு பொருளும் எதற்கு என்ற விளக்கம் இல்லை. அந்தப் பக்குவம் எந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்ததோ, அவர்கள் 1873-இல் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டபோது எங்கெங்கோ கலைந்துபோனார்கள். அடுத்த ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் "வெள்ளைக்கரு மட்டும் ஏன், மஞ்சள்கரு ஏன் வேண்டாம்?" என்று ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். நான்கு தெரிவுக்குள் அடங்காது. மேடையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள்வார்கள். நேரக் கணிப்பாளர் பாவம், மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும்.