இலவச டாங்கியும் கை ஒலிபெருக்கியும்

மன்றத்தில் புதிய கருத்தொன்றை எடுத்துரைப்பவர் தம் பொருளை அறிந்திருந்தால் மட்டும் போதாது. எதிரே அமர்ந்திருப்போரையும் அறிந்திருத்தல் வேண்டும். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தது இதனாற்போலும். முன்னது நிரம்பப் பெற்றும் பின்னது வாய்க்கப் பெறாத ஒருவரின் நிலையை, அமெரிக்க நாவலாசிரியர் நீல் ஸ்டீஃபன்சன் 1999இல் நூலாக வெளியிட்ட நீண்ட கட்டுரையொன்றிற் காணலாம். 'தொடக்கத்தில் இருந்தது கட்டளை வரி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். விவிலிய நடையை நினைவூட்டும் தலைப்பு. பொருளோ கணினியின் இயங்குதளங்கள்.

இக்கட்டுரை எழுந்த சூழலைச் சிறிது அறிதல் நலம். கணினியைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஆர்வலர்கள் கூடிப் பேசும் வழக்கம் கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், மென்லோ பார்க் என்னும் ஊரில் ஒரு வீட்டின் வண்டிக்கொட்டகையிற் கூடிய ஹோம்புரூ கணினிக் கழகத்தால் பெயர்பெற்றது. பொறியின் உறுப்புகளோடு நிரல்களையும் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வதை அங்கிருந்தோர் குற்றமாகக் கருதவில்லை. தம் நிறுவனம் எழுதிய பேசிக் மொழி நிரலை விலை கொடாது படியெடுத்தனர் என்று 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் அவ்வார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் விடுத்தார். விற்பதா, பகிர்வதா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் பகிர்வோர் பக்கத்திற்கு வலிமை சேர்த்தன. 1990களில் பல நகரங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றின. மாதம் ஒருமுறை கூடுவதும், கற்றவர் செய்து காட்டுவதும், புதியவரைத் தம் பக்கம் இழுப்பதும் அவற்றின் பணிகளாயின. அந்த இழுக்கும் பணியைத்தான் ஸ்டீஃபன்சன் தம் உவமையால் படம்பிடிக்கின்றார்.

நாற்சந்தி ஒன்றில் வண்டி விற்பனை நிலையங்கள் நான்கு உள்ளனவாம். மிகப் பெரியது மைக்ரோசாப்ட். முதலில் மிதிவண்டி விற்றுப் பின்னர்ப் பெரிய குடும்ப வண்டி விற்கத் தொடங்கியது. ஆப்பிள், அழகும் விலையும் மிக்க வண்டிகளை உட்புறத்தை எவரும் திறவாதபடி மூடி விற்கின்றது. பி என்னும் சிறு நிறுவனம், பேட்மேன் ஓட்டும் ஊர்தியைப் போன்றதொன்றை மலிவாகத் தருகின்றது. நான்காவது, கடையே அன்று. வெளியில் கூடாரமடித்துத் தங்கிய தன்னார்வலர் கூட்டம் ஒன்று டாங்கிகளைச் செய்து, திறவுகோலோடு சாலையோரத்தில் நிறுத்திவைக்கின்றது. அவை பழுதாவதில்லை, சிறு வண்டி குடிக்கும் எண்ணெய்க்கு மேல் குடிப்பதுமில்லை, விலையும் இல்லை. எனினும் மக்கள் அவற்றைத் திரும்பியும் பாராது பெரிய கடைக்கே செல்கின்றனர். தன்னார்வலர் ஒருவர் கை ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு டாங்கியின் பெருமைகளை அடுக்குகின்றார். வாங்க வந்தவரோ, பழுதானால் பார்க்கக் கடையில் பணியாள் உண்டு என்கின்றார். உம் வீட்டிற்கே ஆளனுப்பி நீர் உறங்கும்போதே இலவசமாகச் சரிசெய்து தருகின்றோம் என்கின்றார் தன்னார்வலர். வாங்க வந்தவர் அஞ்சி, வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று விரட்டுகின்றார்.

படித்தவர் எளிதில் மறவாத காட்சி இது. இதன் உவமைத் திறனைத் தொல்காப்பியர் வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் எதனால் அளப்பது? மெய்யும் உருவும் இங்கு வேண்டா. நிரலுக்கு வடிவேது, நிறமேது? பயனால் உவமை மிக நன்றாகப் பொருந்துகின்றது. திங்கட்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் உறுதி, விலையின்மை, உள்ளே திறந்து பார்க்கும் உரிமை ஆகியவற்றை டாங்கி சுட்டிவிடுகின்றது. (உள்ளே பார்க்கும் உரிமைக்கு டாங்கி அத்துணைச் சிறந்த உவமையன்று என்பாரும் உளர், அது வேறு.) இடறுவது வினையில்தான். டாங்கியில் ஏறித் திறவுகோலைத் திருகினால் எவரும் ஓட்டிச் செல்லலாம் என்கின்றது உவமை. அக்காலத்து லினக்ஸ் அவ்வாறு இருந்ததில்லை. வன்தட்டைப் பிரித்து விண்டோஸ் பகுதி அழியாமல் காக்க வேண்டும். பிழைபட்டால் ஆண்டுக்கணக்கான கோப்புகள் ஒரு நொடியில் மறையும். திரையட்டையின் தன்மையறிந்து வரைகலைச் சாளரத்தை அமைத்தல் வேண்டும். விண்டோசை நம்பியே செய்யப்பட்ட மலிவான மோடம்கள் பல, லினக்சில் பேச மறுத்தன. அச்சுப்பொறியின் பாடும் அதுவே. இவற்றையெல்லாம் உவமை விழுங்கிவிட்டது. இலவசம் என்ற சொல், கற்பவர் செலவிடும் இரவுகளைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

ஆசிரியர் இதனை அறியாதவர் அல்லர். கட்டுரையின் பிற்பகுதியில் தம் பட்டறிவை விரிவாகவே எழுதுகின்றார். ஆனால், படித்தவர் நினைவில் நிற்பது உவமையே. பின்வரும் பக்கங்கள் அல்ல. உவமை எத்துணை அழகோ அத்துணைப் பொறுப்பும் அதற்கு உண்டு என்பதை ஈண்டுக் கருதுதல் வேண்டும்.

இன்னொரு குறை இதனினும் பெரிது. வாங்க வந்தவரை ஆசிரியர் கேலிப்பொருளாக்கிவிடுகின்றார். எல்லாரும் வாங்குவதையே தானும் வாங்குபவர், சொன்னது விளங்காதவர் என்று ஓவியந் தீட்டுகின்றார். ஆனால் அந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்வி. பழுதானால் யாரிடம் போவது? அலுவலகக் கணக்கையோ பள்ளித் தேர்வுத் தாளையோ கணினியில் வைத்திருப்பவருக்கு இதனினும் தலையாய கேள்வி வேறில்லை. தன்னார்வலரின் விடை அவரைக் கிலிகொள்ள வைக்கின்றது. முன்பின் தெரியாதவர் இரவில் வீட்டிற்கு வருவதை எவர்தாம் விரும்புவர்?

மெய்யான குழுக்கள் இக்கேள்விக்குக் கண்ட விடை அவ்வுவமையில் இடம்பெறவே இல்லை. 1990களிலேயே அவை நிறுவல் விழா என்று ஒன்றை நடத்தி வந்தன. புதியவர் தம் பொறியைத் தாமே தூக்கிக்கொண்டு ஒரு கூடத்திற்கு வருவார். கோப்புகளைப் படியெடுத்து வந்தீரா என்று முதலிற் கேட்பர். அறிந்தவர் அருகமர்ந்து, பழைய தளத்தை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் நிறுவித் தருவார். பொறியைத் தொடங்கும்போது இரண்டில் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். பிடிக்காவிடில் பழையதற்குத் திரும்பலாம். அடுத்த திங்கள் அதே கூடத்திற்கு வந்தால் அதே முகங்கள் இருக்கும். இங்கே ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை. நாற்சந்தியில் கூவுவதற்கும் மேசையருகே அமர்வதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை ஒரு நாவலாசிரியர் தவறவிட்டது வியப்பே.

இதனோடு ஒப்பிட்டுக் காணத்தக்க வேறொரு சிறு ஏடு உண்டு. லினக்சை எடுத்துச் சொல்வோருக்கு வழிகாட்டவென்று 1990களில் பால் ரோஜர்ஸ் என்பவர் தொகுத்தது. நடையில் சுவையில்லை, உவமையில்லை, நகைப்பும் இல்லை. மிகைபடக் கூறாதே, மெய்ப்பிக்க இயலாததைச் சொல்லாதே, மாற்றாரின் பொருளை இகழாதே, ஒருவரிடம் காட்டிய அவமதிப்பு பலர் செவிக்குச் செல்லும் என்பன போன்ற அறிவுரைகளே அதில் உள்ளன. இலக்கியமாக எடை போட்டால் ஸ்டீஃபன்சன் பக்கமே தட்டுத் தாழும். மாணவர் ஒருவர் நாளை ஓர் அவையில் எழுந்து தம் கருத்துக்கு ஆதரவு தேட வேண்டுமாயின், கையிற் கொடுக்க வேண்டியது அச்சுவையற்ற ஏடுதான்.

தமிழ் படிப்போர் கவனிக்க வேண்டிய விடுபாடு ஒன்றும் உண்டு. ஸ்டீஃபன்சனின் தன்னார்வலர் உறுதியைப் பேசுகின்றார், விலையைப் பேசுகின்றார், மொழியைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆங்கிலம் ஒன்றே புழங்கும் நாற்சந்தியில் அது தோன்றாதது இயல்பே. ஆனால், நூல் வெளியான அதே காலத்தை ஒட்டி, லினக்சில் இயங்கும் கேடிஈ திரைச்சூழலைப் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் தமிழாக்கத் தொடங்கினர். எவருடைய ஒப்புதலையும் வேண்டிக் காத்திராமல், பட்டியிலுள்ள ஒரு சொல் பிழையென்று கண்டால் தாமே திருத்தி அனுப்பினர். சொல்லாக்கத்தில் கரடுமுரடு இருந்தது உண்மை. பாதிப் பட்டி ஆங்கிலத்திலேயே நின்றதும் உண்மை. ஆயினும் தமிழாசிரியர் ஒருவரை அழைக்க டாங்கியின் வேகத்தைவிட இந்தத் திருத்தும் உரிமை வலிய காரணமாக இருந்திருக்கும்.

நாற்சந்தியும் நெடுநாள் அப்படியே நிற்கவில்லை. பி நிறுவனத்தின் சொத்துகளை 2001இல் பாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. லினக்ஸ் கருநிரல் 2008இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் புகுந்து, எவரும் கூவி அழையாமலே கோடிக்கணக்கானோர் சட்டைப்பையில் அமர்ந்தது. அதனைச் சுமந்து திரிவோரிற் பலர் அதன் பெயரையும் அறியார். ஸ்டீஃபன்சனோ, தம் கட்டுரை காலங்கடந்ததாகிவிட்டது என்றும், தாம் சில ஆண்டுகளாக ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் தளத்தையே பயன்படுத்துவதாகவும் 2004இல் ஒரு நேர்காணலில் கூறினார்.