பக்கம் புரளும்போது: கொலாஜ் நூல்களை இலக்கியமாக வாசித்தல்

கொலாஜ் என்றதும் பேச்சு ஓவிய வரலாற்றுக்குப் போய்விடுகிறது. 1912இல் பிக்காசோ, நாற்காலியின் பிரம்புப் பின்னலை அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தின்மேல் ஒட்டினார். அதே ஆண்டில் பிராக், மர ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் கரிக்கோடுகளுக்கு நடுவே பதித்தார். 1920இல் பெர்லினில் நடந்த டாடா கண்காட்சியில் ஹன்னா ஹோஹ், பத்திரிகைப் படங்களையும் தலைப்பெழுத்துகளையும் கத்தரித்துச் சேர்த்து, ஜெர்மானியக் குடியரசின் முதல் ஆண்டுகளையே ஒரு பெரும் படத்தில் கலைத்துப் போட்டார். இந்த வரலாற்றில் பிழையில்லை. ஆனால் அது ஒரு சுவரில் தொடங்கி இன்னொரு சுவரில் முடிகிறது. நூலாகவே பிறந்த கொலாஜ்களுக்கு அதில் கிடைப்பது அடிக்குறிப்பின் இடம்தான். சொல்லும் படமும் கலந்த கொலாஜ் நூல் முதன்மையாக ஓர் இலக்கிய வடிவம் என்பது இக்கட்டுரையின் வாதம். அதன் பொருள் ஒரு தனிப் பக்கத்தின் அழகில் இல்லை. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையிலான தாவலில் இருக்கிறது. குரல், கதையோட்டம், மீண்டும் மீண்டும் வரும் படிமம், தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு என இலக்கிய விமர்சனம் கையாளும் அளவைகள் இல்லாமல் அதை மதிப்பிட முடியாது.

முதல் சான்று ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். 1929இல் வந்த ‘நூறு தலைப் பெண்’, 1934இல் ஐந்து சிறு நூல்களாகப் பாரிஸில் வெளியான ‘கருணை வாரம்’ ஆகிய இரண்டையும் அவர் நாவல்களாகவே கருதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவுத் தொடர்கதைகளிலும் அறிவியல் இதழ்களிலும் இருந்த மரச்செதுக்குப் படங்களே அவருடைய மூலப்பொருள். கொலை, கடத்தல், மயங்கி விழும் பெண் என மிகைநாடகக் காட்சிகள் நிறைந்த அந்தப் படங்களில் மனிதத் தலையை எடுத்துவிட்டுச் சிங்கத் தலையையும் பறவைத் தலையையும் வைத்தார். ‘கருணை வாரம்’ கிழமைகளின்படி நகர்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பதக்கம் அணிந்த சிங்கத்தலை மனிதர்கள் வசதியான வீடுகளின் வரவேற்பறைகளில் அதிகாரம் செய்கிறார்கள். திங்களன்று வெள்ளம் தெருவிலிருந்து படுக்கையறை வரை ஏறுகிறது. செவ்வாயன்று மரியாதைக்குரிய குடும்பங்களின் முதுகில் டிராகன் சிறகு முளைக்கிறது. எந்தப் பக்கத்தையும் தனியே எடுத்துச் சட்டமிட்டால் ஒரு விசித்திரமான படம் கிடைக்கும். வரிசையாகப் படித்தால்தான் நாகரிகமான ஓர் அறை ஒவ்வொரு நாளும் வேறொரு வழியில் உடைவது தெரியும். அவர் இதை உருவாக்கியது 1933இல் என்பதை அறிந்த வாசகருக்கு, அந்தச் சிங்கத்தலைகளின் சீருடையும் பதக்கமும் வெறும் கனவுப் பொருள்களாக இரா.

எர்ன்ஸ்ட் அச்சை எப்படிப் பயன்படுத்தினார் என்பது இதைவிட அழுத்தமான சான்று. ஒட்டிய மூலத்தில் தாளின் விளிம்பு தெரியும். பசையின் மேடும் தெரியும். அதைப் படம்பிடித்து ப்ளாக் செய்து அச்சிட்டால் தையல் மறைந்துவிடும். சிங்கத்தலை அந்த உடலிலேயே பிறந்ததுபோல் ஆகும். அவர் விரும்பியதும் அதுதான். ஆகவே அச்சான நூலே படைப்பு. ஒட்டிய மூலம் அதற்கான கையெழுத்துப்படி. ‘கருணை வாரம்’ மூலத்தாள்கள் 1936இல் மாட்ரிட்டில் ஒருமுறை காட்சிக்கு வைக்கப்பட்டன. அடுத்து 2008இல் வியன்னாவில்தான் காட்டப்பட்டன. இடைப்பட்ட எழுபதாண்டுகளுக்கும் மேலாக அந்தப் படைப்பு நூலாக மட்டுமே வாழ்ந்தது, அதனால் அதற்கு எந்தக் குறையும் நேரவில்லை. மாட்டிஸின் ‘ஜாஸ்’ இதற்கு நேர் எதிர். 1947இல் டெரியாட் என்ற பதிப்பாளர் வெளியிட்ட அந்நூலில், வண்ணம் பூசிய தாள்களை வெட்டி அமைத்த இருபது படங்கள் ஸ்டென்சில் முறையில் அச்சாயின. வெட்டுத்தாளின் உயிர்ப்பு அச்சில் போய்விட்டதென மாட்டிஸ் வருந்தினார். படங்களுக்கிடையே தம் கையெழுத்தில் எழுதிய குறிப்புகளின் பங்கு காட்சியளவிலானது மட்டுமே என்று அவரே அந்நூலில் சொல்லிவிட்டார். ‘ஜாஸ்’ பேரழகான நூல்; ஆனால் அது ஓவியரின் நூல். சொல் அதில் கண்ணுக்கு ஓய்வு தருகிறது, பொருளைத் தாங்கவில்லை. அழகின் தரத்தில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. வாசிப்பு இல்லாமல் நிற்க முடிவது எது, முடியாதது எது என்பதில்தான் வேறுபாடு.

இங்கே ஒரு மறுப்பு எழும்: ‘கருணை வாரம்’ படங்களின்கீழ் ஒரு வரிகூடக் கிடையாது, சொல்லே இல்லாததை இலக்கியம் என்பது எப்படி? நியாயமான கேள்விதான். ‘நூறு தலைப் பெண்’ணில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே எர்ன்ஸ்ட் வாசகம் எழுதினார். அந்த வாசகம் படத்தை விளக்காமல் வேறெங்கோ இழுத்துச் செல்லும். ஐந்தாண்டு கழித்து அவர் வாசகத்தைக் கைவிட்டபோதும் நாவலின் எலும்புக்கூட்டைக் கைவிடவில்லை: கிழமை, பிரிவுத் தலைப்பு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பூதம், ஓர் உதாரணம். மேலும் அந்தப் படங்களே தொடர்கதைகளிலிருந்து வந்தவை. ஏதோ ஒரு வாக்கியத்துக்காக வரையப்பட்ட உடல்மொழி அவற்றில் ஒட்டியிருக்கிறது. வாக்கியம் போய்விட்டது, அதன் பதற்றம் கைகளிலும் முகங்களிலும் தங்கிவிட்டது. அந்தக் காணாமற்போன வாக்கியத்தை ஊகிக்கத் தொடங்கும்போது நாம் செய்வது வாசிப்பே.

சொல் வெளிப்படையாக இருக்கும் நூல்களில் வேறொரு சிக்கல் வருகிறது. படம் சொல்லுக்கு விளக்கமாகச் சுருங்கிவிடும் ஆபத்து அது. 1923இல் மாஸ்கோவில் வெளியான, ரஷ்யக் கவிஞர் மயாகோவ்ஸ்கியின் ‘இதைப் பற்றி’ என்ற நெடுங்கவிதைக்கு ஓவியர் ரோட்சென்கோ செய்த ஒளிப்பட ஒட்டுகளை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். காதலி லில்யா ப்ரிக்கைப் பிரிந்திருந்த காலத்தின் கவிதை அது. அட்டையில் லில்யாவின் ஒளிப்படம் நேராக நம்மைப் பார்க்கிறது. உள்ளே, கிரெம்ளினின் மணிக்கோபுர உச்சியில் மயாகோவ்ஸ்கி நிற்கிறார், பனிக்கரடிகள் வருகின்றன. கவிதையில் இவை உருவகங்கள். ஒளிப்படமோ உண்மையான முகத்தையும் உண்மையான கட்டடத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதனால் கவிதையின் ‘நான்’ இலக்கண மரபில் ஒளிந்துகொள்ள முடியாமல், பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதனாகிறது. அதே சமயம் அந்த மனிதனின் துயரம் கோபுர அளவுக்குப் பெருகிவிடுவதால், ஒளிப்படம் சான்றாவணம் என்ற தகுதியை இழக்கிறது. சொல் படத்தின் உறுதியைக் குலைக்கிறது, படம் சொல்லின் மறைவிடத்தைப் பறிக்கிறது. விளக்கப்படம் செய்ய முடியாத வேலை இது.

இந்தத் துறையில் இதுவரை எட்டப்பட்ட உயரம் ஆங்கில ஓவியர் டாம் ஃபிலிப்ஸின் ‘எ ஹ்யூமுமெண்ட்’ என்பேன். 1966இல் லண்டனின் பெக்கம் பகுதியில், மூன்று பென்னிக்குக் கிடைக்கும் முதல் புத்தகத்தை எடுத்துக்கொள்வது என்ற விதியோடு தேடினார் ஃபிலிப்ஸ். மாலக் என்பவர் 1892இல் எழுதி, மறக்கப்பட்டுவிட்ட ‘எ ஹ்யூமன் டாக்குமெண்ட்’ நாவல் கைக்கு வந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்தையும் வண்ணத்தாலும் வரைவாலும் ஒட்டுத்தாளாலும் மூடி, தேர்ந்த சில சொற்களை மட்டும் வெளியே விட்டார். அச்சு வரிகளுக்கிடையே ஓடும் வெள்ளை இடைவெளிகள் வாய்க்கால்களாகி அந்தச் சொற்களை இணைக்கின்றன. இப்படிப் பிறந்த புதிய கதையின் நாயகன் டோஜ். ‘டுகெதர்’, ‘ஆல்டுகெதர்’ என்ற இரு ஆங்கிலச் சொற்களுக்குள்ளிருந்து மட்டுமே இந்தப் பெயரை வெட்டி எடுக்க முடியும். ஆகவே மாலக் அச்சொற்களை எழுதிய பக்கங்களில் மட்டுமே டோஜ் தோன்றுவான். சேர்ந்திருத்தலைக் குறிக்கும் சொற்களுக்குள்ளிருந்து, காதலில் தனித்துப்போன ஒருவனின் பெயர் பிறக்கிறது. சீரும் தளையும் எழுதுபவனை நெருக்கி, அவன் தேடியிராத சொல்லிடம் கொண்டுசேர்ப்பதை யாப்பறிந்தவர்கள் அறிவார்கள்; ஃபிலிப்ஸுக்கு மாலக்கின் நாவலே யாப்பு. ஐம்பது ஆண்டுகள் அவர் அந்நூலை விடவில்லை. பதிப்புக்குப் பதிப்பு பழைய பக்கங்களை நீக்கிப் புதியன செய்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்கூட விக்டோரியா காலச் சொற்களிலிருந்தே எழுந்து வந்தது. 2016இல் வந்த ஆறாம் பதிப்பு இறுதியானது.

பிறர் உழைப்பின்மேல் படரும் ஒட்டுண்ணிக் கலை இது என்பார் உண்டு. உயிரோடிருக்கும் ஒருவரின் படைப்பை அனுமதியின்றி வெட்டுவது வேறு கேள்வி. அங்கே உரிமையின் பக்கமே நிற்க வேண்டும். ஆனால் மூலம் பிறருடையது என்பதாலேயே படைப்பு தாழ்ந்தது என்ற வாதம் நிற்காது. மாலக்கின் நாவலை இன்று யாராவது தேடிப் படித்தால் அதற்குக் காரணம் ஃபிலிப்ஸ்தான். எர்ன்ஸ்டின் கத்தரி பட்டிராவிட்டால் அந்தத் தொடர்கதைப் படங்கள் பழைய தாளாகவே போயிருக்கும். வெட்டுபவர் முதலில் கூர்ந்து படித்தாக வேண்டும். எந்தச் சொல்லை விடலாம், எந்தத் தலையை எடுக்கலாம் என்று முடிவுசெய்ய வேறு வழியில்லை. நல்ல கொலாஜ் நூல் மூலத்தைப் பற்றிய ஒரு விமர்சனத்தையும் உள்ளே வைத்திருக்கிறது.

விலை இன்னொரு மறுப்பு. சில நூறு படிகள், செல்வர்களின் சேகரிப்பு, கண்ணாடிப் பெட்டி: இதில் வாசகர் எங்கே? ‘ஜாஸ்’ போன்ற நூல்களுக்கு இது பொருந்தும். ஆனால் ஓவியக் கலைஞர்கள் உருவாக்கும் நூலுக்கு வேறொரு மரபும் உண்டு. அமெரிக்க ஓவியர் எட் ருஷே 1963இல் பெட்ரோல் நிலையங்களின் ஒளிப்படங்களைத் தொகுத்துச் சாதாரண ஆஃப்செட்டில் 400 படிகள் அச்சிட்டு, ஒன்று மூன்றரை டாலருக்கு விற்றார். அடுத்தடுத்த பதிப்புகளில் படிகளைப் பெருக்கவும் செய்தார். 1976இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘பிரிண்டட் மேட்டர்’ அமைப்பு இத்தகைய நூல்களைப் பரப்பவே உருவானது. ‘எ ஹ்யூமுமெண்ட்’ வணிகப் பதிப்பாகக் கடைகளில் விற்றது. இன்று பழைய படிகளுக்கு ஏலத்தில் கிடைக்கும் விலை சந்தையின் வேலை. வடிவத்தின் இயல்பு அதுவன்று.

சென்னையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1994இல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், கறுப்புக் கைத்தாளில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்து கையாலேயே தைத்த நூல்களால் உலகெங்கும் அறியப்பட்டது. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் சேர்ந்து செய்த மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய நூல் அவற்றில் புகழ்பெற்றது. என் வாதத்துக்கு அதைவிட நெருக்கமானது உர்வேதியின் ஓவியங்களோடு வந்த ‘ஐ சா எ பீகாக் வித் எ ஃபயரி டெயில்’. அது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் புதிர்ப்பாடல். வரி முடிவில் நிறுத்திப் படித்தால் அபத்தம். வரியின் நடுவில் நிறுத்தி அடுத்த வரியோடு சேர்த்துப் படித்தால் முழுப் பொருள். வடிவமைத்த யோனதன் யமகாமி பக்கங்களில் துளை வெட்டினார். அதன் வழியே அடுத்த பக்கத்துச் சொற்கள் இந்தப் பக்கத்து ஓவியத்துக்குள் தெரிகின்றன. தாளைப் புரட்டினால் அதே சொற்கள் வேறு வாக்கியத்தில் சேர்ந்துகொள்கின்றன. கத்தரித்தலே இங்கே நிறுத்தற்குறியாகிறது. இந்நூலைச் சுவரில் மாட்டவே முடியாது.

வாதத்தின் எல்லையையும் குறிக்க வேண்டும். 1961இல் டீட்டர் ரோத் என்ற கலைஞர், அச்சிட்ட தாளை அரைத்து மசாலாவும் கொழுப்பும் சேர்த்துத் தொத்திறைச்சியாக உறையில் அடைத்தார். நூலைப் பற்றிய கூர்மையான கருத்து அது. ஆனால் வாசிக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை. அத்தகையவற்றைச் சிற்பத்தின் கணக்கில் வைப்பதே நேர்மை. ஆனால் வரிசையில் வாசிக்கும்போது மட்டுமே பொருள் தரும் நூல், அதில் எத்தனை படங்கள் இருந்தாலும், இலக்கியத்துக்கு உரியது. இலக்கிய இதழ்கள் அதற்கு மதிப்புரை எழுத வேண்டும். நூலகங்கள் அதைப் பூட்டிய அலமாரியிலிருந்து வாசகரின் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். விமர்சகர்கள் அதன் மொழியையும் அமைப்பையும், நாவலுக்கும் கவிதைக்கும் காட்டும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். வியப்பு மட்டும் போதாது. தட்டிக்கேட்கும் வாசகர்கள் அமையாத எந்த வடிவமும் வளர்ந்ததில்லை.