பெயர் வரிசை போதுமா?

சிறார்களுக்கென எழுதப்பெறும் விஞ்ஞானியர் வரலாறுகளில் நம் இல்லங்களுக்குள் வந்து சேர்பவை பெரும்பாலும் இருவகை. ஒன்று, பொற்காலத்து இஸ்லாமிய அறிஞர்களின் பெயர் வரிசை. மற்றொன்று, டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாழ்க்கைச் சுருக்கம். இரண்டையும் நாம் மதிக்கிறோம். ஆயினும், இவை பிள்ளைகளின் உள்ளத்தில் எதை விதைக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும்போது நமக்கு மனநிறைவு ஏற்படவில்லை.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். இன்னார் இயற்கணிதத்தின் தந்தை, இன்னார் ஒளியியலின் தந்தை என்று பட்டங்கள் அடுக்கப்பட்டிருக்கும். அவர்கள் எதில் ஐயுற்றனர், அந்த ஐயத்தை எவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்பது மட்டும் இராது. 965-ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் இத்தகைய ஒற்றை வரியில் அடைபட்டுப் போனவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதே பார்வை என்று அவர் நிறுவினார். துளையிட்ட தடுப்பின் முன்னே விளக்குகளை வரிசையாக வைத்து, ஒன்றை மறைத்தால் எதிர்ச் சுவரில் அதற்குரிய ஒளிப்புள்ளி மட்டும் மறைவதைக் காட்டினார். இதைச் செய்து பார்க்க ஓர் இருட்டறையும், துளையிட்ட அட்டையும், நான்கு மெழுகுவர்த்திகளும் போதும். பட்டத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை மறுவாரம் மறந்துவிடும். சுவரில் புள்ளி மறைவதைக் கண்ட பிள்ளை மறவாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அவர் கிரேக்கர்களின் நூல்களைக் கற்றே அவர்களை மறுத்தார். அவருடைய நூலை ஐரோப்பியர் இலத்தீனில் கற்றனர். கெப்ளர் 1604-இல் அந்த ஆராய்ச்சியை மேலும் கொண்டு சென்றார். அறிவு எந்த ஒரு கூட்டத்தாரின் தனிச் சொத்தாகவும் இருந்ததில்லை. பட்டியல் நூல்கள் இந்தச் சங்கிலியை அறுத்து, ஒரே ஒரு கண்ணியை மட்டும் நம் கையில் கொடுக்கின்றன.

கலாம் அவர்கள் அருண் திவாரியுடன் இணைந்து ஆங்கிலத்தில் எழுதி, 1999-இல் வெளிவந்த தன்வரலாறு, தமிழில் ‘அக்னிச் சிறகுகள்’ ஆயிற்று. இராமேசுவரத்தின் சிவசுப்பிரமணிய ஐயரும், இராமநாதபுரத்தின் ஐயாதுரை சாலமனும் அதில் ஆசிரியர்களாக ஒளிர்கின்றனர். தம்பியின் பொறியியல் படிப்புக்காகத் தம் நகைகளை அடகு வைத்த சகோதரி ஜொஹரா அம்மையாரும் இருக்கிறார். 1979 ஆகஸ்டு 10 அன்று ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்ததும், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த அமிலக் கசிவே அதற்குக் காரணம் என்று ஆராய்ந்து அறிந்ததும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியதும் அதில் விரிவாக உள்ளன. ஆனால் சிறார்க்கான சுருக்கங்களில் இவை தேய்ந்து, ‘கனவு காணுங்கள்’ என்ற சொல்லே எஞ்சுகிறது. கசிவைத் தேடிக் கண்டுபிடித்த உழைப்பை நீக்கிவிட்டுக் கனவை மட்டும் கொடுப்பது, விதையை எறிந்துவிட்டுத் தோலைத் தருவதற்கு ஒப்பாகும்.

மூல நூலிலும் நமக்குக் குறை தென்படுகிறது. அதன் பிற்பகுதி திட்டங்களின் விவரங்களால் நிறைந்து, இளம் வாசகர்க்குக் கடினமாகிறது. மேலும், அந்த ஒரு நூலோடு நின்றுவிடும் பிள்ளை, விஞ்ஞானம் என்பதே ஏவுகணைதான் என்று எண்ணக்கூடும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) அவர்களின் இளமையையும் அப்பிள்ளை அறியட்டும். தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்த சிறுவரை, அவருடைய மாமா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ‘இது என்ன பறவை?’ என்ற அந்த ஒரு வினாவே வாழ்நாள் பணியாக வளர்ந்தது. அன்னா மணி (1918–2001) சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர். நம் பெண்மக்களுக்கு எழுதப்படும் நூல்களில் அவர் பெயர் ஏன் அரிதாயிற்று?

‘கல்வியில் பின்தங்கிய சமுதாயத்துக்கு முதலில் பெருமித உணர்வு வேண்டாமா?’ என்று சிலர் வினவலாம். வேண்டும்தான். ஆனால் முன்னோரின் புகழைச் சொல்லிக்கொண்டே தாம் எதுவும் செய்யாதிருக்க இடந்தரும் பெருமிதம் நம்மை மேலும் பின்தள்ளும்.

ஆரணிப் பட்டு வட்டாரத்து ஊர்களின் சிறார்களுக்கு எழுதுவோர் தொலைதூரம் தேடி அலைய வேண்டியதில்லை. பட்டுத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியைக் காட்டினால் போதும். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் உயரும். இல்லாத இடத்தில் தாழ்ந்தே நிற்கும். அவ்வாறே கரையிலும் முந்தானையிலும் பூ விழுகிறது. பிரான்சில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஜக்கார்டு, தமக்கு முன்னோர் சிலரின் முயற்சிகளைத் தொடர்ந்து, 1804-இல் இதைச் செம்மைப்படுத்தினார். அதே துளையட்டையைத் தம் கணிப்பொறித் திட்டத்துக்குச் சார்ல்ஸ் பாபேஜ் எடுத்துக்கொண்டார். அத்திட்டத்துக்கு 1843-இல் விளக்கக் குறிப்புகள் எழுதியவர் அடா லவ்லேஸ் என்னும் பெண்மணி. மேற்கே தெரியும் ஜவ்வாது மலையின் காவலூரில், வைணு பாப்பு அவர்களின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986 முதல் நிற்கிறது. அதுவும் இந்தியாவிலேயே உருவானது.

தறியையும் மலையையும் நாள்தோறும் காணும் நெசவாளர் வீட்டுப் பெண், விஞ்ஞானம் தனக்கு உரியதன்று என்று முடிவுகட்டிவிட்டால், அந்த இழப்புக்கு நம் நூல்களும் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே: நூல் வாங்குமுன் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அறிஞர் எத்துணைப் பெரியவர் என்பதை மட்டும் அது சொல்லுமாயின் வைத்துவிடுங்கள். அவர் எதைக் கேட்டார், எப்படித் தேடினார், எங்கே தவறினார், யாரிடம் கற்றார் என்று சொல்லுமாயின், அவர் எந்நாட்டவராயினும் எம்மதத்தவராயினும், அந்நூலை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.