புல்தரையும் களையும்: ஒரு மதிப்பீடு

நாமக்கல், சேலம் சமவெளிகளில் ஒரு கல்லூரியோ அலுவலகமோ எழும்பினால், முன்புறம் புல்தரை அமைப்பது வழக்கமாகிவிட்டது. மாணவர் உட்காரவும் விளையாடவும் பயன்படும் புல்தரையைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் பல புல்தரைகள் ‘புல்லின்மேல் நடக்காதீர்’ என்ற பலகையுடன் நிற்கின்றன. எவரும் கால் வைக்காத நிலத்துக்கு இவ்வளவு நீரும் உழைப்பும் தகுமா?

புல்தரை, தூறலும் குளிர்ச்சியும் மிகுந்த இங்கிலாந்து போன்ற நாடுகளின் வழக்கம். 1830இல் எட்வின் பட்டிங் புல் வெட்டும் பொறியை அமைத்த பின் அது எளிதாகப் பரவியது. நாமக்கல் வட்டாரத்திலோ ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ.தான், அதுவும் சில மாதங்களில் பெய்து முடிந்துவிடும். கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் பாய்ச்சுவதாகக் கொள்வோம். 25 சென்ட் பரப்புக்கு, அதாவது சுமார் 1,000 சதுர மீட்டருக்கு, அன்றாடம் 5,000 லிட்டர் வேண்டும்!

இந்நீரில் களையும் பங்கு பெறுகிறது. ஒட்ட வெட்டிய புல் மண்ணை நன்கு நிழலால் மூடுவதில்லை. ஈரமும் வெயிலும் சேர்ந்த இடைவெளி களை விதைக்கு நாற்றங்கால் ஆகிறது. கோரை மண்ணுக்குள் கிழங்கு விட்டுப் பரவுகிறது. ஓரங்களில் பார்த்தீனியம் முளைக்கிறது. ஒரு பார்த்தீனியச் செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்க வல்லது. அதை வெறுங்கையால் பிடுங்குவோருக்குத் தோல் அழற்சி உண்டாகலாம். அழகுக்கான விலையை இறுதியில் கொடுப்பவர் தோட்டத் தொழிலாளியே.

களை வளர்வது காலியிடத்தில். அவ்விடத்தை வேறு செடியால் நிரப்பினால் களைக்கு ஒளியும் இடமும் குறையும். இதற்குச் சான்று கர்நாடகத்தில் உண்டு. 1950களில் புனே அருகே காணப்பட்டுப் பிறகு நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தைத் தார்வாடு வட்டாரத்தில் ஒரு வகைத் தகரைச் செடி நெருக்கி ஒடுக்கியதை அறிவியலார் ஆராய்ந்தனர். கொள்கை சரியே. ஆனால் அந்தத் தகரையும் பார்த்தீனியத்தைப் போலவே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது! ஓர் அயலானை விரட்ட இன்னோர் அயலானைக் குடியேற்றுவது நிறைவான தீர்வாகாது.

தரையை மூடுவதற்கென்று நாற்றுப் பண்ணைகளில் விற்கும் மஞ்சள் பூ வெடேலியாவும் அமெரிக்கச் செடியே. உலகின் கொடிய ஆக்கிரமிப்பு உயிரினங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. ‘தண்ணீர் இல்லாமலே படரும்’ என்ற விளம்பரத்தைக் கேட்டவுடன், ‘எந்த ஊர்ச் செடி?’ என்று கேட்பது நல்லது.

நம் மண்ணிலேயே தக்க செடிகள் உள்ளன. வறண்ட செம்மண்ணில் ஆவாரை புதராக வளர்ந்து நிழல் தரும். கொழுஞ்சி அவரைக் குடும்பத்தது. வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஈரம் தங்கும் இடத்தில் பொடுதலை தரையோடு படரும். கொழுக்கட்டைப் புல்லோ, கரூர், திருப்பூர் பகுதிக் கொறங்காடுகளில் மானாவாரியாகவே கால்நடைகளைக் காத்துவரும் புல். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். அவையே வளாகத்தில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறிகிறோம். இம்முரண்பாட்டை என்னென்பது?

எனினும், உள்ளூர்ச் செடி நட்டால் களை தானே ஒழியும் என்பதும் மிகைக் கூற்று. புதிய செடிகள் தரையை மூடும்வரை, முதல் ஓரிரு ஆண்டுகள், கைக்களை எடுத்தே தீரவேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து அகற்ற வேண்டும். மண்ணில் கிடக்கும் பழைய விதைகள் ஆண்டுக்கணக்கில் முளைக்கும். கோரைக் கிழங்கும் ஒரே பருவத்தில் அழியாது. இந்த உழைப்பைச் சொல்லாமல் பலனை மட்டும் சொல்பவர் பாதி உண்மையே சொல்கிறார். ஆனால் புல்தரைக்கு அவ்வுழைப்பு என்றும் தீராது. இங்கோ ஆண்டுதோறும் குறையும்.

மாணவர்கள் இதைச் சோதித்தே அறியலாம். பயன்படாத புல்தரையில் ஒரு சென்ட் அளவு மட்டும் மழைக்கு முன் மாற்றி நடுக. புல்லிலும் புதுச் செடிகளிடையிலும் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, மாதந்தோறும் களைகளை எண்ணி, ஊற்றிய நீரையும் குறித்து வருக. ஈராண்டுக் கணக்கைத் தலைமையாசிரியரிடமோ முதல்வரிடமோ காட்டினால், மீதிப் புல்தரையை என்ன செய்வது என்று அந்த எண்களே சொல்லும்.